27 கோடி ரூபாய் மருந்தும் ஸ்ரீராம்புரத்துப் பையனும்

மூன்று மாதத்துக்கு ஒரு தடவையாவது இப்படி ஒரு செய்தி கைபேசிக்கு வந்துவிடுகிறது. ஒரு சிறுவனின் படம், ஆஸ்பத்திரி சீட்டின் புகைப்படம், கீழே வங்கிக் கணக்கு எண். "டூஷென் தசைச்சிதைவு நோய். அமெரிக்காவில் ஒரே ஊசியில் குணமாகும். விலை 27 கோடி. ஆளுக்கு நூறு டாலர் கொடுத்தால் ஒரு உயிரைக் காப்பாற்றலாம்." எங்கள் ஊர்த் தமிழ்ச் சங்கக் குழுவிலும் வந்தது. நான் கொடுக்கவில்லை, கொடுக்க வேண்டாம் என்று மற்றவர்களிடமும் சொன்னேன். கல்நெஞ்சக்காரன் என்று பெயர் வாங்கியாகிவிட்டது. சரி, காரணத்தையாவது விளக்கமாக எழுதிவிடலாம் என்றுதான் இந்தப் பதிவு.

இதைப் பேச எனக்கு என்ன தகுதி என்று கேட்பவர்களுக்கு: பிழைப்புக்கு நான் செய்வது மருந்துப் பரிசோதனைகளின் புள்ளியியல். அதைவிட முக்கியமாக, பெங்களூர் ஸ்ரீராம்புரத்தில் இருக்கும் என் பெரியம்மா மகளின் பையனுக்கு இதே நோய்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுகிறேன். 2021-ல் தமிழ்நாட்டில் ஒரு குழந்தைக்காக 16 கோடி ரூபாய் திரட்டினார்களே, அது எஸ்.எம்.ஏ. என்ற வேறு நோய். அதில் கெட்டுப்போவது தண்டுவடத்து நரம்பு செல்கள். அந்த மரபணு மிகச் சிறியது, முழுசாக ஒரு வைரஸுக்குள் வைத்து அனுப்பிவிடலாம். சீக்கிரம் கொடுத்தால் பலன் கண்ணுக்குத் தெரியும். உட்காரவே முடியாது என்று சொல்லப்பட்ட குழந்தைகள் உட்கார்ந்தார்கள். அந்தக் கதையை அப்படியே டூஷெனுக்கு ஒட்டி அனுப்புகிறார்கள். இங்கேதான் வம்பு.

டூஷெனில் கெட்டுப்போவது டிஸ்ட்ரோஃபின் என்ற புரதத்தின் மரபணு. 1986-87-ல் பாஸ்டனில் லூயிஸ் குங்கெல் குழுவினர் கண்டுபிடித்தார்கள். மனிதனின் மரபணுக்களிலேயே மிகப் பெரியது, 20 லட்சத்துக்கும் அதிகமான எழுத்துகள். எந்த வைரஸுக்குள்ளும் முழுசாக அடங்காது. அடங்குகிற மாதிரி வெட்டிச் சுருக்கிய குட்டி டிஸ்ட்ரோஃபினைத்தான் அந்த 27 கோடி ஊசியில் அனுப்புகிறார்கள். எலெவிடிஸ் என்று பெயர், விலை 32 லட்சம் டாலர்.

அதன் வரலாற்றைக் கேளுங்கள். 2023 ஜூனில் 4, 5 வதுப் பையன்களுக்கு மட்டும் எஃப்.டி.ஏ. துரித வகையில் அனுமதி கொடுத்தது. அதே வருடம் அக்டோபரில் பெரிய பரிசோதனையின் முடிவு வந்தது. 34 மதிப்பெண் கொண்ட இயக்க அளவுகோலில், ஒரு வருடம் கழித்து, ஊசி போட்டவர்களுக்கும் வெறும் உப்பு நீர் போட்டவர்களுக்கும் வித்தியாசம் 0.65 மதிப்பெண். தற்செயலாகவே வரக்கூடிய வித்தியாசம் அது. முதன்மை இலக்கில் தோல்வி என்று எங்கள் பாஷையில் சொல்வோம். ஆனாலும் 2024 ஜூனில், நடக்க முடியாதவர்கள் உட்பட 4 வயதுக்கு மேற்பட்ட எல்லோருக்கும் அனுமதி விரிவானது. 2025-ல், நடக்க முடியாத நிலையில் இருந்த இரண்டு பதின்வயதுப் பையன்கள் ஊசிக்குப் பின் கல்லீரல் செயலிழந்து இறந்தார்கள். ஜூலையில் ஐரோப்பிய மருந்துக் குழு அனுமதி தரக்கூடாது என்று சொன்னது. நவம்பரில் அமெரிக்காவிலும், நடக்க முடிகிறவர்களுக்கு மட்டும், கறுப்புக் கட்டத்துக்குள் எச்சரிக்கையோடு என்று சுருக்கிவிட்டார்கள்.

ஒரு தடவை போட்டால் உடம்பு அந்த வைரஸுக்கு எதிர்ப்பு உண்டாக்கிக்கொள்ளும், மறுபடி போட முடியாது. இதற்காக ஊரில் இருக்கிற வீட்டை விற்று, மீதிக்கு நாம் கைகொடுத்து அனுப்ப வேண்டுமா? என் பதில், வேண்டாம்.

மரபணுக் கோளாறைச் சமாளிப்பதற்கு இன்னொரு வழியும் இருக்கிறது. பெங்களூர் கதைக்கு அதுதான் தேவை, அதனால் கொஞ்சம் பொறுமையாக விளக்குகிறேன்.

79 பெட்டிகள் கோத்த ஒரு ரயிலை நினைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு பெட்டியின் முன்பக்கக் கொக்கியும் பின்பக்கக் கொக்கியும் வேறு வேறு வடிவம், அடுத்த பெட்டியோடு மட்டும் பொருந்தும். ஒரு பையனுக்கு 50-வது பெட்டி இல்லை. 49-ன் கொக்கியும் 51-ன் கொக்கியும் பொருந்தாது, ரயில் அங்கேயே அறுந்துவிடும். புரதம் உருவாகாது. ஆனால் 51-ஐயும் மறைத்துவிட்டால் 49-ம் 52-ம் பொருந்திவிடும்! இரண்டு பெட்டி குறைந்த ரயில், ஆனால் ஓடும். இயற்கையிலேயே இப்படிக் குட்டையான ரயிலோடு பிறந்தவர்கள் இருக்கிறார்கள், அவர்களுக்கு வருவது பெக்கர் எனும் மிதமான வகை. கொக்கி பொருந்தினால் மிதம், பொருந்தாவிட்டால் கடுமை என்ற இந்த விதி 1988-லேயே தெரிந்துவிட்டது. பெட்டியை மறைக்கும் திரைதான் ஆன்டிசென்ஸ் மருந்து. 20, 30 எழுத்து நீளமுள்ள, செயற்கையாகச் செய்த சிறு மரபுத்துணுக்கு.

யோசனை அழகானது. செயல்படுத்துவது கஷ்டம். 51-வது பெட்டியை மறைத்தால் நூற்றில் 13 பேருக்குத்தான் உபயோகம். மற்றவர்களுக்கு வேறு வேறு பெட்டி, வேறு வேறு மருந்து. தசைக்குள் சரியாகப் போகாமல் பெரும்பகுதி சிறுநீரில் வெளியேறிவிடும், அதனால் வாராவாரம் ஆயுள் முழுக்க ஏற்றிக்கொண்டே இருக்க வேண்டும். எட்டெப்லிர்சென் என்ற முதல் மருந்துக்கு 2016 செப்டம்பரில் எஃப்.டி.ஏ. அனுமதி கொடுத்தபோது, அதன் நிபுணர் குழுவில் பெரும்பான்மை எதிராகத்தான் இருந்தது. மருந்துத் தாளிலேயே போட்டிருக்கிறது: 48 வாரம் கொடுத்த பிறகு டிஸ்ட்ரோஃபின் அளவு, இயல்பான அளவில் 0.16 சதவீதத்திலிருந்து 0.44 சதவீதம் ஆனது. விலையோ வருடத்துக்கு 3 லட்சம் டாலர் கணக்கில், பையன் எடை கூடக் கூட விலையும் கூடும். அதே வகையில் 2019, 2021-ல் அனுமதி பெற்ற இரண்டு மருந்துகளை உறுதிசெய்வதற்காக நடந்த பரிசோதனை, 2025 நவம்பரில் இலக்கைத் தொடவில்லை என்று நிறுவனமே அறிவித்தது. இத்தனை வருடம் விற்ற பிறகு!

பெற்றோரைக் குறை சொல்ல மாட்டேன். 2016-ல் அந்தக் கூட்டத்தில் சக்கர நாற்காலியில் வந்து பேசிய பையன்களின் அம்மாக்கள் கேட்டது நியாயம்தான். நேரம் இல்லாதவர்கள் அவர்கள். ஆனால் கேள்விக்குப் பதில் வராமலேயே மருந்து கடைக்கு வந்துவிட்டால், பதில் வருவதே தள்ளிப்போகிறது. விற்பனையாகிற மருந்துக்கு உப்பு நீரோடு போட்டி வைக்க யார் அவசரப்படுவார்கள்?

இப்போது பெங்களூருக்கு வருகிறேன். டார்ட் (டிஸ்ட்ரோஃபி அனைஹிலேஷன் ரிசர்ச் டிரஸ்ட்) என்ற அமைப்பை, டூஷென் பையன்களின் பெற்றோர் சேர்ந்து 2012-ல் அங்கே ஆரம்பித்தார்கள். இந்த ஆன்டிசென்ஸ் மருந்தை நம் ஊரிலேயே, நம் ஊர் விலையில் செய்ய வேண்டும் என்பதுதான் நோக்கம். அருண் சாஸ்திரி அதன் தலைமை விஞ்ஞானி. 2023 ஜனவரியில் ஜோத்பூர் ஐ.ஐ.டி., ஜோத்பூர் எய்ம்ஸ் ஆகியவற்றோடு சேர்ந்து அரிய நோய்களுக்கான ஆய்வு மையம் தொடங்குவதாக அறிவிப்பு வந்தது. பல மையங்களில் மனிதப் பரிசோதனை நடத்த மத்திய மருந்துக் கட்டுப்பாட்டு அதிகாரியின் அனுமதி கிடைத்திருப்பதாகவும் அதில் சொல்லியிருந்தார்கள். ஜோத்பூர்க்காரர்கள் பார்ப்பது மருந்தின் அளவைக் குறைக்கும் வழி. இது சின்ன விஷயமல்ல. இந்த வகை மருந்தில் அளவு பாதியானால் செலவும் பெருமளவு குறையும்.

பெற்றோர் சேர்ந்து ஆய்வுக்கூடம் கட்டுவதைப் பார்த்துச் சிரிக்க வேண்டாம். பிரான்சில் 1987-ல் தசைநோய்க் குழந்தைகளின் பெற்றோர் சங்கம் தொலைக்காட்சியில் பணம் திரட்ட ஆரம்பித்தது. அந்தப் பணத்தில் உருவான ஜெனெத்தோன் ஆய்வகம்தான் மனித மரபணு வரைபடத்தின் ஆரம்பகாலப் பதிப்புகளைச் செய்தது. அந்தக் காலத்தில் பெரிய கம்பெனி எதுவும் இந்த நோய்ப் பக்கமே எட்டிப் பார்க்கவில்லை.

ஆனால் பெற்றோர் நடத்தும் அமைப்பு என்பதால் கேள்வி கேட்கக்கூடாது என்றும் இல்லை. அனுமதி என்றால் பரிசோதிக்க அனுமதி. மருந்து தயார் என்று அர்த்தமில்லை. அமெரிக்கக் கம்பெனியிடம் நான் எதிர்பார்க்கிற அதே ஒழுங்கை பெங்களூரிடமும் எதிர்பார்ப்பேன்: ஒப்பீட்டுக் குழு, முன்கூட்டியே அறிவித்த இலக்கு, தோற்றாலும் ஜெயித்தாலும் அச்சில் முடிவு. நம்ம ஊர் மருந்து என்ற பாசத்தில் இந்த மூன்றில் ஒன்றை விட்டாலும் நஷ்டம் நம் பையன்களுக்குத்தான்.

இந்தியாவில் 5 லட்சம் டூஷென் நோயாளிகள் என்று செய்திகளில் ஓர் எண் அடிபடுகிறது. தொழில் புத்தி, கணக்குப் போட்டுப் பார்க்காமல் இருக்க முடியவில்லை :-) வருடத்துக்குச் சுமார் 1.2 கோடி ஆண் குழந்தைகள். 3500 முதல் 5000 பேரில் ஒருவருக்கு என்றால் வருடம் 2400-லிருந்து 3400 வரை. சராசரியாக 20 வருட ஆயுள் என்று வைத்தாலும் 50, 60 ஆயிரத்தைச் சுற்றித்தான் வரும். எண்ணைக் குறைப்பதில் எனக்கு என்ன சந்தோஷம்? 50 ஆயிரம் என்பதே திட்டமிடக்கூடிய, பேர் பேராகப் பதிவு செய்யக்கூடிய எண். 5 லட்சம் என்று சொன்னால் அதிகாரி மலைத்துப் போய் ஃபைலை மூடிவிடுவார்.

உள்ளூரில் செய்தால் விலை குறையுமா என்ற சந்தேகம் இருப்பவர்களுக்கு எஸ்.எம்.ஏ.விலிருந்தே ஓர் உதாரணம். ரிஸ்டிப்லாம் என்ற வாய்வழி மருந்து, இந்தியாவில் ரோஷ் கம்பெனியின் விலை புட்டி 6 லட்ச ரூபாய்க்கு மேல். ஹைதராபாத் நாட்கோ தன் தயாரிப்பைக் கொண்டுவரப் போக, காப்புரிமை வழக்கு டில்லி உயர்நீதிமன்றத்தில் நடந்தது. 2025 அக்டோபரில் உச்சநீதிமன்றமும் தலையிட மறுத்தது. நாட்கோ வைத்த விலை 15,900 ரூபாய். இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஆன்டிசென்ஸ் மருந்து மாத்திரை மாதிரி சுலபத்தில் தயாரிக்கக்கூடியதல்ல, அதனால் இதே மாதிரி சரியும் என்று சொல்ல மாட்டேன். ஆனால் சரிவதற்கு இடம் நிறைய இருக்கிறது.

விலை பற்றி இன்னொரு வேடிக்கை. டூஷெனில் இன்றைக்கும் அடிப்படையான மருந்து ஸ்டீராய்டுதான். நடப்பதைச் சில வருடங்கள் நீட்டிக்கும், முதுகு வளைவதைத் தள்ளிப்போடும். டெஃப்லாசகார்ட் என்பது அதில் ஒன்று. பல நாடுகளில் நெடுங்காலமாகக் கடையில் கிடைத்தது. அமெரிக்கப் பெற்றோர் இங்கிலாந்திலிருந்து வருடத்துக்கு ஆயிரத்துச் சொச்சம் டாலரில் தருவித்துக்கொண்டிருந்தார்கள். 2017 பிப்ரவரியில் ஒரு கம்பெனி இதற்கு எஃப்.டி.ஏ. முத்திரை வாங்கி, வருடத்துக்கு 89,000 டாலர் என்று விலை வைத்தது! கூச்சல் கிளம்பியதும் அடுத்த மாதமே இன்னொரு கம்பெனிக்கு விற்றுவிட்டுப் போனார்கள். அதே மருந்து ஸ்ரீராம்புரம் மெடிக்கல் ஷாப்பில் அட்டை அட்டையாகத் தொங்குகிறது. மாதச் செலவு சில ஆயிரத்துக்குள் அடங்கும். "அமெரிக்க மருந்து" கேட்டு அக்கா எனக்கு ஃபோன் செய்தபோது அவள் கையில் இருந்தது இந்த அட்டைதான். (ஒன்று மட்டும்: ஸ்டீராய்டை டாக்டரைக் கேட்காமல் திடீரென்று நிறுத்தவே கூடாது. முகம் உப்புகிறது என்று நிறுத்திவிடுகிற வீடுகள் நிறைய.)

அக்கா வீட்டுக் கதையைச் சொல்ல வேண்டும். ஸ்ரீராம்புரம் தெரியாதவர்களுக்கு: பின்னி மில் காலத்திலிருந்து தமிழர்கள் நெருக்கியடித்து வாழும் பேட்டை. வட்டாரா என்று சொல்கிற ஒட்டுக்குடித்தன வீடுகள், இடம் போதாமல் மேலே மேலே கட்டிய மாடிகள், ஓர் ஆள் மட்டும் ஏறக்கூடிய செங்குத்துப் படி. 2014-ல் மெட்ரோ வந்தது, ஸ்டேஷனில் லிஃப்ட் இருக்கிறது. வீட்டு வாசலிலிருந்து அந்த லிஃப்ட் வரைக்கும் போவதுதான் பிரச்சினை. மாடி வீட்டில் 40 கிலோ பையனைத் தினமும் தோளில் தூக்கி இறக்குகிற அத்தானுக்கு முதுகு போய்விட்டது.

பையன் நாலு வயதில் அடிக்கடி விழுந்தான், குதிகால் தரையில் படாமல் நடந்தான். கெண்டைக்கால் கொழுகொழு என்று இருந்ததைப் பார்த்து பயில்வான் என்று கொஞ்சினோம். தரையிலிருந்து எழும்போது தொடையில் கையை ஊன்றி ஊன்றி எழுவான். ரத்தப் பரிசோதனையில் எஸ்.ஜி.ஓ.டி., எஸ்.ஜி.பி.டி. எகிறியிருந்ததால் மஞ்சள் காமாலை என்று ஒரு ஆஸ்பத்திரியில் ஒன்றரை வருடம் கல்லீரலுக்கு வைத்தியம் பார்த்தார்கள். அந்த என்சைம்கள் தசை உடைந்தாலும் ஏறும். சி.கே. என்ற ஒரு சாதாரணப் பரிசோதனை எடுத்திருந்தால் அன்றைக்கே தெரிந்திருக்கும். டூஷெனில் அது ஆயிரக்கணக்கில், பத்தாயிரக்கணக்கில் நிற்கும். பிறகு நிம்ஹான்ஸ் போய்த்தான் மரபணுப் பரிசோதனை நடந்து பெயர் தெரிந்தது. அதற்குப் பின்னும் ஸ்டெம் செல் வைத்தியம் என்று ஓர் இடத்தில் மூன்று லட்சம் கட்டினார்கள். இடத்தின் பெயர் வேண்டாம். ஐ.சி.எம்.ஆரின் 2017 வழிகாட்டுதல்படி, இந்த மாதிரி நோய்க்கு ஸ்டெம் செல்லைப் பரிசோதனைக்கு வெளியே காசு வாங்கிக்கொண்டு கொடுக்கவே கூடாது.

அந்த மூன்று லட்சத்துக்கு என்னென்ன வந்திருக்கும்? இங்கிலாந்தில் நியூகாசில் மருத்துவர்கள் 2002-ல் வெளியிட்ட கணக்கு ஒன்று உண்டு. 1960-களில் டூஷென் பையன்கள் இறந்த சராசரி வயது 14.4. 1990-க்குப் பின் இரவில் மூச்சுக் கருவி வைத்துக்கொண்டவர்களுக்கு 25.3. பதினோரு வருடம்! நான் மேலே சொன்ன எந்தக் கோடி ரூபாய் மருந்தும் இதுவரை இப்படி ஓர் எண்ணைக் காட்டியதில்லை. மூச்சுக் கருவி, வருடா வருடம் இதய எக்கோ, இதயத்துக்கு விலை மலிவான ரத்த அழுத்த மாத்திரை, கால் நரம்பு இறுகாமல் நீட்டும் பயிற்சி, சரியான அளவுள்ள சக்கர நாற்காலி, கீழ்வீட்டுக்குக் கொடுக்க வேண்டிய அட்வான்ஸ். இவையெல்லாம் நம்மில் நாலு குடும்பம் சேர்ந்தால் முடிகிற காரியங்கள். குழுவில் போட்டால் யாருக்கும் கண்ணீர் வராது, அவ்வளவுதான்.

அரசு வழியும் இருக்கிறது. 2021-ன் தேசிய அரிய நோய்க் கொள்கையில் டூஷென் மூன்றாம் பிரிவில் வருகிறது. 2022-ல் எல்லாப் பிரிவுக்கும் 50 லட்சம் வரை என்று உயர்த்தினார்கள். பெங்களூரில் மனித மரபியல் மையமும் இந்திரா காந்தி குழந்தைகள் மருத்துவமனையும் சேர்ந்து அதற்கான மையம். 50 லட்சம், ஆயுள் முழுக்க ஏற்றும் மருந்துக்கு எந்த மூலைக்கு என்று கேட்டால் கேள்வி நியாயம். ஆனால் பதிவு செய்யாத பையனுக்கு அதுவும் கிடையாது, பரிசோதனை தொடங்கும்போது கூப்பிடவும் ஆள் இருக்காது. எந்தப் பெட்டி காணவில்லை என்ற மரபணு அறிக்கைதான் எல்லாக் கதவுக்கும் சாவி. தமிழ்நாட்டில் இருப்பவர்களுக்குக் கோயம்புத்தூரில் எம்.டி.சி.ஆர்.சி. என்ற அமைப்பு பல வருடங்களாக இந்தப் பரிசோதனையும் ஆலோசனையும் செய்து வருகிறது.

கடைசியாக, யாரும் பேச விரும்பாத விஷயம். இந்த மரபணு எக்ஸ் குரோமோசோமில் இருக்கிறது. அதனால் பழி முழுக்க அம்மா தலையில். "உங்க வம்சத்து வியாதி" என்று அக்காவின் மாமியார் சொல்லாத நாள் இல்லை. மூன்றில் ஒரு பங்கு பையன்களுக்கு இது யாரிடமிருந்தும் வராமல் புதிதாக உண்டாகிறது. சொந்தத்தில் கல்யாணம் செய்ததால் வந்தது என்பதும் டூஷெனில் தப்பு. அது வேறு சில தசைநோய்களுக்குப் பொருந்தும், அவை பெண்களுக்கும் வரும். சேலத்தில் வானவன் மாதேவி, இயல் இசை வல்லபி என்ற சகோதரிகள், இருவருக்கும் தசைச்சிதைவு, ஆதவ் அறக்கட்டளை தொடங்கி மற்ற நோயாளிகளைப் பார்த்துக்கொண்டார்கள். மாதேவி 2017-ல் காலமானார். நோய் என்றாலே பையன்கள் என்று நினைத்து நம் பெண்களை மறந்துவிடக் கூடாது.

அக்காவுக்குப் பரிசோதித்ததில் அவள் சுமப்பவள் என்று வந்தது. அப்படியென்றால் பெரியம்மாவும் சுமந்திருக்கலாம், பாட்டியும் சுமந்திருக்கலாம், என் அம்மாவும். ஆணாகப் பிறந்து தசை நன்றாக இருப்பதால் நான் தப்பித்தவன். டொரன்டோவில் இருக்கும் என் தங்கை? அவளுடைய பெண்? சுமக்கும் பெண்களுக்குச் சிலருக்கு இதயமும் பலவீனமாகும், அதனால் இது பிள்ளைப்பேறு சம்பந்தப்பட்ட விஷயம் மட்டுமல்ல.

நான் பேசியபோது தங்கை இரண்டு மாதம் என்னோடு பேசவில்லை. "பொண்ணுக்கு நாளைக்கு வரன் பாக்கணும், நீ ஊருக்கெல்லாம் தமுக்கு அடிக்கிறியா அண்ணா?" என்றாள். ஊரை விட்டு எட்டாயிரம் மைல் வந்தாலும் ஜாதகக் கட்டோடு இந்தப் பயமும் பெட்டியில் வந்துவிடுகிறது. அவள் பேரும் இல்லை, ஊரில் யாருக்கும் தெரியாது, அதனால் அவளிடம் கேட்டுக்கொண்டுதான் இதை எழுதுகிறேன். அக்கா பையனின் அறிக்கையில் இன்ன இடத்தில் மாற்றம் என்று தெரிந்திருந்ததால் அவளுக்குத் தேட வேண்டியது அந்த ஓர் இடத்தில்தான். ரத்தம் கொடுத்துவிட்டு வந்தாள். முடிவு என்ன என்று எழுதும் உரிமை எனக்கு இல்லை.

குழுவில் அடுத்த படம் வரும்போது நான் திருப்பிக் கேட்கப் போவது இரண்டே கேள்விதான். பையனின் மரபணு அறிக்கை இருக்கிறதா? அம்மாவுக்கும் அம்மாவின் தங்கைகளுக்கும் பரிசோதனை ஆயிற்றா? இல்லை என்றால் அந்தச் செலவு முழுவதும் என்னுடையது.